படத்தின் பின்பக்கம்

ரமோனா ஹேர்ஸ்டன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற சீருடையோடு வந்திருந்தாள். காலைச் சவாரிக்கும் மாலைச் சவாரிக்கும் நடுவில் கிடைத்த நேரம். கோட்டைக்கூடக் கழற்றாமல், அச்செடுத்த ஒரு தாளை டோரீன் கெஸ்லரின் மேஜையில் வைத்து நீவிவிட்டாள்.

ஓஹையோவின் ஐந்து சிறு கல்லூரிகள் தங்கள் பழைய படங்களையெல்லாம் ஒரே இணையப் பட்டியலில் சேர்த்து வைத்திருந்தன. அதில் இந்தக் கல்லூரியின் பங்கைப் பதினெட்டு வருஷமாகப் பார்த்து வந்தவள் டோரீன். வருகிற மே மாதம் அவளுக்குப் பணி ஓய்வு. தாளில் இருந்தது 1968-ஆம் வருஷத்துப் படம். நன்றி நாள் விருந்தில் கல்லூரித் தலைவர் வான்கோழியை அறுக்கிறார். பக்கத்தில் வெள்ளைத் தொப்பி அணிந்த ஒரு கறுப்பினப் பெண் தட்டை ஏந்தி நிற்கிறாள். கீழே குறிப்பு: 'அருகில், அடையாளம் தெரியாத சமையலறைப் பணியாளர்.'

"இது எங்கம்மாங்க. வெர்னீஸ். இங்க முப்பத்தோரு வருஷம் சமைச்சாங்க. அவரு கத்தியப் பிடிச்சதே போட்டோவுக்குத்தான்."

அம்மா ஞாயிற்றுக்கிழமை இறந்துவிட்டாள் என்றும், சனிக்கிழமை தேவாலயத்தில் இறுதிச் சடங்கின்போது கொடுக்கும் அஞ்சலி இதழில் போடப் படம் தேடியதாகவும் சொன்னாள். அம்மாவின் பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றுமே வரவில்லை. தலைவரின் பெயரைப் போட்டதும் வந்துவிட்டது. அதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் டோரீனுக்கு உறுத்தியது.

அவள் போனதும் டோரீன் வெர்னீஸின் பெயரைப் பட்டியலில் ஏற்றினாள். மறுநாள் காலை அது பழையபடி 'அடையாளம் தெரியாத' என்று மாறியிருந்தது. ஒரு கல்லூரி செய்கிற திருத்தத்தை இன்னொரு கல்லூரி சரிபார்க்க வேண்டும் என்பது ஐந்துக்கும் பொதுவான விதி. சரிபார்த்தவர் நாற்பது மைல் தள்ளியிருந்த கல்லூரியின் வெண்டல் ப்ரூயிட். டோரீன் தொலைபேசியில் கூப்பிட்டாள். பதினைந்து வருஷப் பழக்கம் அவர்களுக்கு. நேரில் பார்த்தது இரண்டு தடவைதான்.

"மக சொன்னா போதாதா வெண்டல்?"

"எனக்குப் போதும். பட்டியலுக்குப் போதாது. எழுத்துல ஏதாவது வேணும்னு நீங்கதானே எழுதி வச்சிருக்கீங்க."

உண்மைதான். விதிப் புத்தகத்தை எழுதியவள் அவள்தான். அலுப்போடு கீழ்த்தளத்துக்கு இறங்கி, உணவுக்கூடப் படங்கள் இருந்த சாம்பல் நிறப் பெட்டியைத் தேடி எடுத்தாள். மூலப்படம் மேலேயே இருந்தது. கையில் எடுத்தவள், முழங்கால் வலியில் நாற்காலியில் சாய்ந்து, எதுவும் யோசிக்காமல் அதைத் திருப்பினாள். பின்பக்கம் பென்சிலில், கோணலான கையெழுத்தில்: 'சமைத்தது வெர்னீஸ் ஹேர்ஸ்டன். தலைவர் வெறுமனே வெட்டினார்.'

முதன்முதலில் 'அடையாளம் தெரியாத' என்று எழுதியது யார் என்று பட்டியலில் பார்க்க வேண்டிய தேவையே டோரீனுக்கு இருக்கவில்லை; எழுதியது அவளேதான். ஒரு நாளைக்கு நூற்றிருபது படம் வீதம் முடிக்க வேண்டியிருந்த வருஷம் அது. 'முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்தால் போதும்' என்று விதிப் புத்தகத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு வரி எழுதியதும் அப்போதுதான். அது நல்ல யோசனை என்று எல்லாரும் பாராட்டினார்கள்.

இந்த ஒன்றை மட்டும் திருத்திவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். மே மாதம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? மாடியேறும்போது அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாள். பின்பக்கத்தை ஸ்கேன் செய்து வெண்டலுக்கு அனுப்பினாள். பத்து நிமிஷத்தில் வெர்னீஸின் பெயர் ஐந்து கல்லூரிகளுக்குமாக ஏறிவிட்டது. ரமோனாவுக்குச் செய்தி அனுப்பினாள். 'பார்த்தேன்' என்று மட்டும் பதில் வந்தது.

பிறகு வெண்டலே கூப்பிட்டார். இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தது முதல் தடவையே ஏன் ஏறவில்லை என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

"நான் திருப்பிப் பாக்கல வெண்டல். எதையுமே பாக்கல."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"நாங்களும் பாக்கல. உங்க நாலாம் பக்கத்தப் படிச்சிட்டுத்தான் எல்லாத்தையும் பண்ணினோம்." பிறகு, "மத்த மூணு காலேஜுக்கும் யார் சொல்றது?" என்றார்.

"நான்தான் சொல்லணும்," என்றாள் டோரீன்.

கடிதம் நான்கே வரிதான். அதை எழுத மத்தியானம் முழுக்க ஆனது. அனுப்பி முடித்ததும் தேநீர்கூடப் போடாமல் மறுபடி கீழே இறங்கினாள். பெட்டியில் அடுத்த படம்: பாத்திரம் கழுவும் தொட்டியருகே மூன்று பெண்கள், மூன்றாமவளின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. டோரீன் அதைத் திருப்பி விளக்கருகில் பிடித்தாள். அதே பென்சில் எழுத்து.

'ஜன்னலோரம் எட்னா. சிரிக்கிறவள் ரூபி. புதிதாக வந்தவள் பெயரை நாளைக்குக் கேட்க வேண்டும்.'