ஒன்பதாம் பாடம்

என் மனைவி ஸபீனா கடைசியாக வாங்கிய பொருள் ஒரு மண்சட்டி. சட்டி லொறி எங்கள் பள்ளிவாசல்துறைக்கு மாதத்தில் ஒரு தடவை வரும். அன்று வியாழக்கிழமை. நான் உள்ளே சேர்ட் மாட்டிக்கொண்டிருந்தேன். கேற்றடியில் அவள் லொறிக்காரனோடு சிங்களத்தில் பேரம் பேசுவது கேட்டது. ஐந்நூறு சொன்னவனை நானூற்று இருபதுக்கு இறக்கிவிட்டாள். சிங்களம் எங்கே படித்தது என்று அவன் கேட்டான்.

"காசு குடுத்துப் படிச்சது. அதனாலதான் உங்களுக்குச் சும்மா காசு தர ஏலாது," என்றாள், பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

சட்டியை வாளித் தண்ணீரில் ஊறப் போட்டாள். அஸர் தொழுகைக்குப் பிறகு அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. சனிக்கிழமை விடியும் சுபஹு நேரம் ஆஸ்பத்திரியில் மூச்சு நின்று மவுத்தானாள்.

நாங்கள் தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த சனம். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. இந்தக் கரையில் கடையிலும் பள்ளியிலும் பக்கத்து வீட்டிலும் தமிழ்தான். முப்பது வருஷத்துக்கு மேல் சிங்களம் இல்லாமலே அவளுடைய காலம் போய்விட்டது. நான் வாலிபத்தில் நீர்கொழும்புக்குக் கருவாடு ஏற்றிப் போய்ச் சிங்களம் பழகியவன். பொலிசுக்கோ கந்தோருக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிறவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். கூலி வாங்க மாட்டேன். 'நஸீம் நானா வந்தால் காரியம் நடக்கும்' என்று சொல்லக் கேட்பது எனக்குப் போதும்.

ஸபீனாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்த நாளிலும் நான்தான் மொழிபெயர்த்தேன். டொக்டர் ஒரு நடுவயதுப் பெண். பொறுமையாகப் பத்து நிமிஷம் விளக்கினார். வெட்டி எடுக்க முடியாத இடத்தில் இருக்கிறது, ஈரலுக்கும் பரவிவிட்டது, வலிக்கு மருந்து தரலாம் என்றார். நான் ஸபீனாவின் பக்கம் திரும்பி, "குடல் புண்ணாம். மருந்து குடிச்சா மாறுமாம்," என்றேன்.

புத்தளத்தில் வாழ்க்கைப்பட்ட எங்கள் மகள் றிஷ்னாவுக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் ஃபோனில் அழுதாள். "உம்மாக்குத் தெரிய வேணாம் வாப்பா, பயந்தே போயிருவாங்க," என்றாள். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

இரண்டாவது கிளினிக் முடிந்து பஸ்ஸில் வரும்போது ஸபீனா கேட்டாள்: "றிஷ்னாட வாப்பா, அந்த டொக்டர் இவ்வளவு நீளமாக் கதைக்கிறாங்க. நீங்க ரெண்டு சொல்லில முடிச்சிர்றீங்க. சிங்களம் அவ்வளவு நீளமான பாஷையா?"

"டொக்டர்மார் அப்படித்தான். ஒண்டையே நாலு தரம் சொல்லுவாங்க."

"அப்ப நாலு தரமும் நீங்களும் சொல்லுங்களேன்."

நான் நுரைச்சோலை மின்நிலையத்தின் புகைக்கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த கிழமைதான் அந்தத் துண்டுப்பிரசுரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பன்னிரண்டு சனிக்கிழமைகளில் பேச்சுச் சிங்களம். புத்தகத்தோடு ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய். கற்பிட்டியில் ஃபோன் கடைக்கு மேல்மாடியில் ஹஃபீலா என்ற பிள்ளை நடத்தும் வகுப்பு.

"நான் இருக்கக்குள்ள உனக்கு என்னத்துக்குச் சிங்களம்?"

"நீங்க எனக்கு முந்திப் போயிட்டா?" என்று சிரித்தாள்.

"காசு வீண் புள்ள."

"நீங்களே வந்து பாருங்க. நீங்கதானே ஊருக்கே சிங்களப் பண்டிதர். நல்லதா கெட்டதா எண்டு சொல்லுங்க. கெட்டதெண்டா நான் போகல்ல."

போனேன். பதினொரு பெண்கள் இருந்தார்கள். ஹஃபீலா டீச்சர் பிழையில்லாமல்தான் எழுதினாள். ஆனால் சந்தையில் யாரும் பேசாத, வானொலிச் செய்தி மாதிரிச் சிங்களம். பூசணிக்காய் ஒரு கிலோ எத்தனை ரூபாய், புத்தளம் பஸ் எத்தனை மணிக்கு என்று எல்லாரும் ஒரே குரலில் ஒப்புவித்தார்கள். இதைப் பன்னிரண்டு கிழமை படித்தாலும் ஆஸ்பத்திரியில் ஒரு வரிகூட விளங்காது என்று கணக்குப் போட்டேன். மனதுக்குள் ஓர் ஆறுதல்.

வாசலில் ஸபீனா கேட்டாள். "எப்படி?"

"பரவாயில்ல. உனக்கு ஆசையெண்டா போ."

இதைத் தெரிந்துதான் சொன்னேன். வகுப்பு நல்லது என்று நினைத்திருந்தால் தடுத்திருப்பேன். தரமில்லாத வகுப்பு என்பதால் அனுப்பினேன்.

வீட்டில் அவளுடைய புத்தகத்தைப் புரட்டிய ஒரு மத்தியானம் அந்த ஆறுதல் போனது. ஒன்பதாம் பாடத்துக்குத் தலைப்பு 'வைத்தியரிடம்'. எனக்கு என்ன நோய். எவ்வளவு காலமாக. சத்திர சிகிச்சை. குணமாகுமா. எல்லாம் வரிசையாக இருந்தன. அதற்கு இன்னும் மூன்று சனிக்கிழமை.

திங்கட்கிழமை ஹஃபீலா டீச்சரின் வீட்டைத் தேடிப் போனேன். ஒன்பதாம் பாடத்தை விட்டுவிடச் சொன்னேன்.

"பாடத்தை எப்படி நானா விடுறது? அதுக்குத்தானே கனபேர் வாறாங்க. புள்ளைகளைக் கொண்டுபோற உம்மாமார்."

வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஸபீனா லாத்தாவுக்குத் தெரியாதா?"

"தெரியக் கூடாது."

"அது அவங்கட உடம்பு நானா."

"நீங்க சின்னப் புள்ள. பின்னுக்குப் போடுங்க. கடைசிக் கிழமைக்குப் போடுங்க."

அவள் தலையாட்டினாள். சொன்ன மாதிரியே எட்டாம் பாடத்துக்குப் பிறகு பத்தாம் பாடத்தை எடுத்தாள். அது வங்கியில் கணக்குத் திறப்பது பற்றியது. அன்று வீட்டுக்கு வந்த ஸபீனா, "டீச்சருக்கு எண்ணத் தெரியாது போல, எட்டுக்குப் பிறகு பத்தாம்," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அடுத்த செவ்வாய் கிளினிக். டொக்டர் புதிய அறிக்கையைப் பார்த்தார், என்னிடம் கதைத்தார். நான் வழக்கம்போல, "மருந்தக் கூட்டியிருக்காம், பயமில்லையாம்," என்றேன். ஸபீனா கதிரையை விட்டு எழும்பவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நேரே டொக்டரின் முகத்தைப் பார்த்து, மெதுவாகச் சிங்களத்தில் கேட்டாள்.

"டொக்டர், எனக்கு இன்னும் எத்தனை மாதம்?"

அந்த ஒரு வரிக்கு ஒன்பதாம் பாடம் தேவைப்படவில்லை. எத்தனை என்ற சொல்லை முதல் கிழமையே பூசணிக்காய் விலையோடு படித்திருந்தாள். எண்கள் இரண்டாம் பாடம். கிழமை, மாதம் நான்காம் பாடம். நானே அவளுக்குப் பாடம் கேட்டிருக்கிறேன். ஒன்றிலிருந்து இருபது வரை குசினியில் கறி கிளறிக்கொண்டே ஒப்புவித்தவள்.

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். முதலில் என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம், ஒவ்வொரு சொல்லாக, பிள்ளைக்குச் சொல்வது போல, "ஆறு. சில நேரம் ஐந்து," என்றார். மேசைக்கு மேலாகக் கையை நீட்டி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். என் பக்கம் திரும்பி விரைவாகக் கேட்டார்: "இதுவரைக்கும் நீங்கள் இவருக்குச் சொல்லவில்லையா?"

"சொன்னேன்," என்றேன். டொக்டரிடமும் பொய்.

வெளியே வந்து மருந்து வரிசையில் நின்றோம். பஸ் பாலாவி உப்பளத்தைத் தாண்டும்போதுதான் நான் கேட்டேன்.

"டொக்டர் சொன்னது வெளங்கிச்சா?"

"இல்ல," என்றாள். "வேகமாக் கதைச்சாங்க. நீங்க சொல்லுங்க, என்ன சொன்னாங்க?"

டொக்டர் அவளிடம் வேகமாகப் பேசவில்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்காக அவள் ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். நான் உள்ளே போகவில்லை.

"ஆறு மாசத்தில சுகமாகுமாம்," என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள். முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் வகுப்புக்கு வெளிக்கிடவில்லை. ஏனென்று கேட்டேன்.

"போதும்."

"இன்னும் மூணு வகுப்பு இருக்கே. குடுத்த காசு வீணாப் போகுது."

"வீண் போகல்ல றிஷ்னாட வாப்பா," என்றாள். "குடுத்ததுக்குக் கிடைச்சிட்டுது."

அதன் பிறகு அவள் ஒவ்வொரு வீடாகப் போய், செய்த பிழைகளை மன்னிக்கச் சொல்லி மாப்புக் கேட்டாள். நோன்பு வருகிறது, அதனால்தான் என்று சொன்னாளாம். ஒரு கோழியால் வந்த சண்டையில் பத்து வருஷம் பேசாமலிருந்த சித்தி ஸுலைஹாவின் வீட்டுக்கும் போனாள். இருவரும் அழுதுவிட்டு வட்டிலாப்பம் சாப்பிட்டார்களாம். தன் காப்பு இரண்டையும் றிஷ்னாவிடம் கொடுத்து, கனக்கிறது என்றாள். ஊரில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் என்னிடம் காட்டிக்கொள்ளவில்லை. கிளினிக்குகளில் நான் பழையபடி மொழிபெயர்த்தேன். அவள் பழையபடி கேட்டுத் தலையாட்டினாள். டொக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் ளுஹர் தொழுதுவிட்டு வந்து என் காலடியில் உட்கார்ந்து, "எனக்கும் மாப்புத் தாங்க," என்றாள்.

"என்னத்துக்கு? நீ என்ன செஞ்சாய்?"

"சும்மா. எல்லார்ட்டையும் கேட்டேன், உங்கள்ட்டக் கேக்கல்ல."

"பைத்தியம். எழும்பு, சோறு போடு," என்றேன். எழும்பிப் போய்ச் சோறு போட்டாள். நான் பதிலுக்குக் கேட்டிருக்க வேண்டிய இடம் அது. கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஐந்து கிழமை உயிரோடிருந்தாள். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

ஜனாஸாவுக்கு ஹஃபீலா டீச்சரும் வந்திருந்தாள். பெண்கள் பக்கத்திலிருந்து வெளியே போகும்போது என்னை ஒரு தரம் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

போன மாதம் பக்கத்து வீட்டு ஜவ்பர் வந்தான். அவனுடைய மனைவி இல்மாவுக்கும் இப்போது அதே கிளினிக். கழுத்தில் ஒரு கட்டி. இன்னும் சோதித்து முடியவில்லை. நான்தான் கூடப் போகிறேன்.

"நானா, அந்தச் சிங்கள வகுப்பில சேரணும் எண்டு நிக்கிறா. நீங்க இருக்கக்குள்ள என்னத்துக்கெண்டு சொன்னாக் கேக்கிறா இல்ல. குடுக்கிற காசுக்குப் பெறுமதியா?"

"சேத்து விடு."

"நீங்கதானே அந்த நேரம் வீண் எண்டு ஊரெல்லாம் சொன்னீங்க?"

"சொன்னேன். பிழையாச் சொன்னேன். இந்தச் சனியே போகச் சொல்லு. ஒரு பாடமும் விடாமப் படிக்கச் சொல்லு."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். நான் எழும்பி உள்ளே போய்விட்டேன்.

நேற்று இல்மாவோடு போயிருந்தேன். டொக்டர் சொன்னதையெல்லாம், நாலு தரம் சொன்னால் நாலு தரமும், அப்படியே சொன்னேன். சொல்லி முடிக்க வெகுநேரம் எடுத்தது. டொக்டர் இடையில் நிறுத்தி நிறுத்தி எனக்காகக் காத்திருந்தார். அவருக்கு இன்னும் தமிழ் தெரியாது.