நாடாப் புண்

எம் பொண்டாட்டி வள்ளித்தாய்க்கு வாய் சும்மா இருக்காது. ஆடு ரோட்டைத் தாண்டும்போது ஹாரன் அடிக்கிற பஸ் டிரைவரைக்கூட வம்புக்கு இழுப்பா. அந்த வாயில குழாயைச் சொருகிக் கண்ணாடிக் கதவுக்குள்ள படுக்கப் போட்டுட்டாங்க. நான் வெளிய பெஞ்சில கெடந்தேன்.

காய்ச்சல்னதும் சங்கரன்கோவில்ல ஊசி போட்டுக் கூட்டியாந்தேன். கேக்கல. மறுபடி போனோம். ஆடு மேய்க்கிறவங்கன்னதும் டாக்டர் நிமிந்து பாத்தாரு. "உண்ணி எதுவும் கடிச்சுதாம்மா? ஒடம்புல கருப்பா பொருக்கு இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல"ன்னுட்டா.

பொய் சொல்லல, மனசாரச் சொன்னா. ஆட்டுக் காதுல உண்ணியைப் பிடுங்கி நகத்துல நசுக்குதவளுக்கு அதெல்லாம் ஒரு கடியா? இடுப்புல இருந்ததைப் பாவாடை நாடா அறுத்த புண்ணுன்னு நெனச்சிருக்கா. எந்தப் பொம்பளைக்கு அது இல்ல? அதைப் போயி ஆம்பளை டாக்டர்ட்ட காட்டுவாளா? எங்க ஊர்ல புண்ணுன்னா கோயில் புத்துமண்ணுதான். குழைச்சு அப்பி, மேல நாடாவை இறுக்கிக் கட்டிக்கிட்டா. எனக்கே காட்டல.

மூச்சு முட்டவும் திருநெல்வேலிக்குத் தூக்கிட்டு ஓடினோம். நர்சம்மா ஒடம்பைத் துடைக்கையில மண்ணு கழண்டுச்சு. அடியில பீடி சுட்ட மாதிரி கருப்பா பொருக்கு. உண்ணி கடிச்சு வந்த காய்ச்சலாம். முந்தியே தெரிஞ்சிருந்தா சாதாரண மாத்திரைக்கே கேட்டிருக்குமாம். இப்ப மருந்து ஏறுது, ஆனா கிட்னி கெட்டுப்போச்சு, பாப்போம்னாங்க. பாப்போம்னா என்னத்தைப் பாக்க?

எனக்குக் கோவமா வந்துச்சு. யாருட்ட போயிச் சண்டை போட? டாக்டர் கேக்கத்தான செஞ்சாரு. "ஏட்டி, அறிவிருக்கா"ன்னு இவளைத் திட்டினா, திருப்பித் திட்ட அவ எந்திரிக்கணும்லா.

கொழுந்தியா சங்கரேஸ்வரி பஸ் பிடிச்சு வந்தா. வந்ததும் பையில இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினா.

"மச்சான், கோயிலுக்குப் போயி புத்துமண்ணு வாங்கியாந்தேன். அக்கா நெத்தியில கொஞ்சம் பூசச் சொல்லுங்க. அவளுக்கு இதுலதான் நம்பிக்கை."

நடந்ததை அவகிட்ட நான் இன்னும் சொல்லல. பொட்டலத்தை வாங்கிக் கையில வச்சுக்கிட்டு அந்தக் கதவையே பாத்துக்கிட்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்துல டாக்டர் வெளிய வந்து என் தோள்ல கையை வச்சாரு. வள்ளித்தாய் போயிட்டான்னு சொன்னாரு.

சங்கரேஸ்வரி என் கையைப் பிரிச்சுப் பாத்தா. பொட்டலம் கட்டினபடியே இருந்துச்சு.

"இதைப் பூசியிருந்தா எங்கக்கா பொழச்சிருப்பாளே மச்சான்"னு நெஞ்சில அடிச்சுக்கிட்டு அழுதா.

நான் ஆமான்னு தலையாட்டினேன்.