மீட்பு எண்

முத்துவேலுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்தவர் செல்போனைச் சற்று உயர்த்திப் பிடித்தால்கூட, நம்மைத்தான் படம் எடுக்கிறானோ என்று நகர்ந்து உட்காருகிற மனிதர். ஆரணியில் பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். அந்தத் தொழிலுக்குக் கொஞ்சம் சந்தேகம் வேண்டியதுதான். இவர் வரைந்த பார்டர் அடுத்த வாரமே பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் வேறொருவர் தறியில் ஓடியதை அவரே பார்த்து வயிறெரிந்திருக்கிறார். ஆனால் கொஞ்சம் என்பது எவ்வளவு என்று அவருக்குத் தெரியாமல் போய்விட்டது.

டிசைனைத் தறிக்கான அட்டையில் துளைகளாக அடிக்கக் கொடுக்கும்போது பார்டரை ஒருவரிடமும் முந்தியை இன்னொருவரிடமும் கொடுப்பார். முழுப் புடவையும் யார் கண்ணிலும் படாது. வியாபாரிகளுக்கு அனுப்பும் மாதிரிப் படத்தில் வேண்டுமென்றே ஒரு பிழை வைப்பார். வரிசையில் ஒரு மயிலுக்கு மட்டும் கால் இருக்காது. எவனாவது திருடி நெய்தால் நொண்டி மயிலோடு கையும் களவுமாக மாட்டுவான். சரியான படம் அவர் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கும்.

போன வருடம் அவர் டிசைன் போடும் மென்பொருளின் லைசென்ஸைக் கம்பெனிக்காரர்கள் செல்போன் ஆப்புக்கு மாற்றினார்கள். செல்போன் தொலைந்தால் லைசென்ஸைத் திரும்பப் பெற ஒரே வழி, ஆப் காட்டிய பதினாறு இலக்க மீட்பு எண். அதை எங்கே வைப்பது என்று முத்துவேல் தவியாய்த் தவித்தார். காகிதத்தில் எழுதினால் யாராவது பார்ப்பார்கள். இன்டர்நெட்டில் போட்டால் ஊரே பார்க்கும். கடைசியில் தொழில் புத்திதான் கைகொடுத்தது. பார்டர் ஓரிடம், முந்தி ஓரிடம். எண்ணின் முதல் பாதியை மனைவி சுபலட்சுமியின் செல்போனுக்கு அனுப்பினார். இரண்டாம் பாதியைச் சார்லிக்கு அனுப்பினார். சார்லி அவரிடம் ஆறு வருடமாக இரண்டாவது கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

சும்மா அனுப்ப மனம் வரவில்லை. சார்லிக்குப் போன பாதியில் மூன்றாவது இலக்கத்தில் ஒன்றைக் கூட்டிவிட்டார். ஆறு, ஏழாகிவிட்டது. இனி எவன் எடுத்தாலும் பயனில்லை என்று அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

இந்த ஆடி மாதம் சாயப்பட்டறையில் அரக்கு நிறம் சரியாக ஏறியிருக்கிறதா என்று தொட்டியைக் குனிந்து பார்த்தார். சட்டைப்பையிலிருந்த செல்போன் நழுவிக் கொதிக்கிற சாயத்தில் விழுந்தது. பட்டறைக்காரர் கழியால் தேடி எடுத்தபோது செல்போனுக்கு நல்ல அரக்கு நிறம் ஏறியிருந்தது, உயிர்தான் இல்லை.

புதுச் செல்போன் வாங்கி, அதே சிம்மைப் போட்டு, ஆப்பையும் இறக்கினார். அது மீட்பு எண் கேட்டது. ஐந்து முறை தவறினால் லைசென்ஸ் நிரந்தரமாக ரத்தாகும் என்றது. கம்பெனியைக் கூப்பிட்டால், எண் இல்லையென்றால் தங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிரித்தார்கள். அவர் இத்தனை வருடம் வரைந்த அத்தனை டிசைனும் அந்த மென்பொருளில் மட்டுமே திறக்கும். லைசென்ஸ் போனால் அவருடைய வாழ்நாள் உழைப்பு போனது மாதிரிதான்.

சுபலட்சுமியையும் சார்லியையும் பக்கத்தில் உட்காரவைத்தார். அவள் தன் பாதியைப் படித்தாள், அவன் தன் பாதியைப் படித்தான். சார்லி ஏழு என்ற இடத்தில் இவர் சத்தமில்லாமல் ஆறு போட்டார். தவறு என்றது. மறுபடி நிதானமாகப் போட்டார், தவறு. ஒருவேளை அன்றைக்குக் கூட்டாமல் கழித்துவிட்டோமோ என்று எட்டு போட்டுப் பார்த்தார். அதுவும் தவறு.

அவ்வளவுதான், ரத்தம் தலைக்கேறியது. நம்பரை நீ மாற்றிவிட்டாயா, யாரிடம் விலை பேசினாய் என்று சார்லியைப் பிடித்துக்கொண்டார்.

சார்லி கோபப்படவில்லை. செல்போனை மேசைமேல் வைத்து அவர் பக்கம் திருப்பினான்.

"நீங்க அனுப்பின மெசேஜ்தாண்ணா, உங்க பேருதான் மேல கீது. நான் ஏழுன்னு படிச்சேன். நீங்க ஆறு போட்டீங்க, அப்புறம் எட்டு போட்டீங்க. பார்த்துகினுதான் இருந்தேன்."

கேட்டுக்கொண்டிருந்த சுபலட்சுமிக்குப் பொறுக்கவில்லை. ஆறு வருடமாக ஒரே டிபன் பாக்ஸில் பங்கு போட்டுச் சாப்பிடுகிறவனுக்கே தப்பான எண்ணா என்று பிடிபிடியென்று பிடித்தாள். பிறகு, வேறு எங்கேயாவது இப்படி மாற்றி வைத்திருக்கிறீர்களா, நன்றாக யோசியுங்கள் என்றாள்.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. எண்ணை அனுப்பிய அந்த வாரம்தான் அவளுடைய தம்பி ராஜ்குமார் எதிர்ப்பக்கத்து டிசைன் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அக்காவின் செல்போனை உரிமையோடு எடுத்துப் பார்க்கிறவன். அவளுக்குப் போன பாதியிலும் கடைசி இலக்கத்தில் இரண்டைக் கூட்டித்தான் அனுப்பியிருந்தார். செய்தது தனக்கே கூச்சமாக இருந்ததால் அதை மறந்தும் தொலைத்துவிட்டார்.

கொஞ்ச நேரம் தனியாக யோசிக்கிறேன், செல்போன்களை வைத்துவிட்டு இரண்டு பேரும் வெளியே இருங்கள் என்று சொல்லிப் பார்த்தார். சார்லி எழுந்தான். சுபலட்சுமி நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டாள்.

"நான் படிக்கிறேன், நீங்க போடுங்க."

ஒவ்வொன்றாகப் படித்தாள். ஏழு இலக்கம் ஒழுங்காக ஏறியது. எட்டாவது நாலு என்றாள். அவர் விரல் திரைக்கு மேலேயே நின்றது. அவள் சொன்னபடி போட்டால் இன்னொரு வாய்ப்பும் வீண். மாற்றிப் போட்டால் அவள் பார்த்துவிடுவாள்.

"நாலு இல்ல," என்றார். "ரெண்டு."

அவள் தன் செல்போனைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். சார்லியின் பாதியை அவரே போட்டு முடித்தார். ஆப் திறந்தது. கம்ப்யூட்டரில் டிசைன்கள் வரிசையாக வந்து நின்றன. இதற்காகத்தானே இத்தனை பாடு என்று நினைத்தாலும் அவருக்குச் சந்தோஷம் வரவில்லை.

கூடவே திரையில் புதிய மீட்பு எண் வந்தது. பழையது இனிச் செல்லாது, இதைப் பத்திரமான இடத்தில் வையுங்கள் என்று கீழே எழுதியிருந்தது. முத்துவேல் தொண்டையைச் செருமிக்கொண்டார். இந்த முறை ஓர் எண்கூட மாற்றாமல் முழுவதையும் உனக்கே அனுப்புகிறேன் என்று மனைவியிடம் சொன்னார்.

அவள் செல்போனை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"வேணாங்க. நாளைக்கு எதுனா ஒண்ணு காணாம போச்சுன்னா, என்னையும் என் தம்பியையும்தான் மொதல்ல கேப்பீங்க. அந்தப் பேஜார் எனக்கு எதுக்கு?"

அவர் சார்லியைப் பார்த்தார். சார்லி தன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தான். வரேண்ணா என்று மட்டும் சொன்னான். நாளைக்கு வருவானா என்று கேட்க முத்துவேலுக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டு பேரும் போன பிறகு அவர் செல்போனை எடுத்து, பெயர்களை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனார். பதினாறு எண்களும் திரையில் அப்படியே இருந்தன. யாருக்கு அனுப்புவது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.