வாசிக்க முடியாத பெட்டி

ழகரத்தின் வால் தனியாகக் கிடக்கிறது, அதன் பக்கத்தில் ணகரத்தின் ஒரு சுழி, ஊகாரத்தின் தலை, எதுவும் எதோடும் சேராமல் கணினித் திரையெங்கும் மிதக்க, நான் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கிறேன், லீட்ஸ் நகரத்து வாடகை வீட்டின் சமையலறை மேசையில், ஜன்னலுக்கு வெளியே மழையா பனியா என்று தெரியாத ஏதோ ஒன்று இறங்கிக்கொண்டிருக்கிறது, இல்லை, இறங்கிக்கொண்டிருந்தது, இதெல்லாம் போன தீபாவளிக்கு முன்பு நடந்தது, ஆனால் கண்ணை மூடினால் அந்தச் சுழி இன்னும் என் இமைக்குள் சுற்றுகிறது. சென்னையில் புத்தக அட்டைகளுக்கு எழுத்து வரைந்துகொண்டிருந்தவன் நான், எழுத்தைப் பார்த்தே இது இவன் கை என்று சொல்கிறவர்கள் இருந்தார்கள், என் மனைவி பெனிட்டாவுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தபோது அவளோடு நானும் வந்தேன், வந்ததிலிருந்து என் அட்டைகளை ஒவ்வொரு டிசைன் ஸ்டூடியோவுக்கும் அனுப்புகிறேன், மிக அழகு, ஆனால் இந்த ஊர் அனுபவம் இல்லையே என்று ஒரே குரலில் பதில் வருகிறது, நாகர்கோவிலிலிருந்து மாமனார் போன் செய்யும்போது மாப்பிள்ளைக்கு வேலை ஆச்சா மோளே என்ற கேள்வி அவள் காதிலிருந்து கசிந்து என்வரைக்கும் வரும், அவள் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்ப் பதில் சொல்வாள், என்ன சொன்னாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பிறகு ஹானா கூப்பிட்டாள், சிறிய ஸ்டூடியோ ஒன்றின் தலைவி, என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவள், கடைகளுக்குத் தீபாவளி இனிப்புப் பெட்டி ஒன்று, யானை வேண்டும், தாமரை வேண்டும், பின்னணி முழுக்க உங்கள் எழுத்து வேண்டும் என்றாள், என்ன எழுதட்டும் என்று கேட்டேன், எதையும் எழுத வேண்டாம், அது வாசிக்க இல்லை, அழகுக்கு, வளைவாக இருந்தால் போதும் என்று சிரித்தாள், கெட்ட சிரிப்பு இல்லை அது, நானும் சிரித்தேன், சரி என்றேன், அவள் வாக்கியத்தை முடிக்கும் முன்பே சொல்லிவிட்டேன், அதை நினைத்தால்தான் இப்போதும் காது சுடுகிறது. பெட்டி கடைக்கு வந்த அன்று பெனிட்டா கை கொள்ளாமல் வாங்கி வந்தாள், வார்டுல எல்லாருக்கும் குடுக்கப்போறேன், எங்க வீட்டுக்காரரு செஞ்சதுன்னு சொல்லுவேன், என்றாள், நான் யானையையே பார்த்துக்கொண்டிருந்தேன், நான் பள்ளிக்கூடத்தில்கூட யானை வரைந்தவன் இல்லை, என் முதல் யானை அது.

மறுநாள் அவள் வேலை முடிந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் நிற்கிறாள், அந்தப் பெட்டில என்ன எழுதியிருக்கிய, என்கிறாள், ஒண்ணும் இல்ல, சும்மா வளைவு, என்கிறேன், அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் வார்டில் பரநிருபசிங்கம் என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர், எல்லாருக்கும் பரம் ஐயா, பக்கவாதத்தில் மறந்துபோன வாசிப்பு அவருக்கு இப்போதுதான் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது, காலையில் தமிழ்ப் பத்திரிகைத் தலைப்புகளை அவளிடம் வாசித்துக் காட்டி ஒரு பிள்ளையைப்போல அவள் முகத்தைப் பார்ப்பாராம், பெட்டியை நீட்டியதும் இனிப்பை விட்டுவிட்டு எழுத்தில்தான் விரலை வைத்தாராம், திரும்பத் திரும்ப வைத்தாராம், அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பி, எல்லாம் போயிட்டுது பிள்ளை, எனக்குத் திரும்பவும் வாதம் வந்திட்டுது, என்று அழ ஆரம்பித்தாராம், டாக்டர் வந்து சோதித்து ஒன்றுமில்லை என்ற பிறகும் பத்திரிகையைத் தொடவில்லை, சாப்பிடவில்லை. அது சும்மா டிசைன் ஐயான்னு நான் சொன்னா, ஆறுதலுக்குச் சொல்லுதேன்னு நினைக்காரு, நீங்க வந்து சொல்லணும், என்றாள் பெனிட்டா, நானா என்றேன், வேற யாரு செஞ்சா, என்றாள், குரலை உயர்த்தவில்லை.

பார்வையாளர் நேரத்தில் போனேன், கனவில் நடப்பதுபோல அந்த வழவழத்த நடைபாதையில் என் பூட்ஸ் சத்தம் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது, ஐயா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், ஐயா, அந்தப் பெட்டிய வரைஞ்சவன் நான்தான், அதில எழுத்தே இல்ல, நான் எல்லாத்தையும் உடைச்சு ஒட்டினேன், யாராலயும் வாசிக்க முடியாது, என்று ஒரே மூச்சில் சொன்னேன், அவர் மெதுவாகத் திரும்பினார், உண்மையாவோ தம்பி, ஒரு சொல்லும் இல்லையோ, என்றார், இல்ல ஐயா, என்றேன், அப்ப என்ர தலையிலை பிழையில்லையோ, என்றார், பிழை என்னுதுதான் ஐயா, என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் அவர் முகம் கோணலாக மலர்ந்தது, சரிவர அசையாத கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பெரிய நன்றி தம்பி, பெரிய நன்றி, என்றார், பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர்போல, மிகுந்த பரிவோடு, உமக்குத் தமிழ் எழுதத் தெரியாதோ, என்று கேட்டார். தெரியும் ஐயா, என்றேன், அது எனக்கே பொய்போலக் கேட்டது.

பங்குனி வாக்கில் ஹானா மறுபடி கூப்பிட்டாள், தேயிலை டப்பா, அதே எழுத்து, இந்த முறை அதில் ஏதாவது சொல் இருக்கட்டுமே என்று கேட்டுப் பார்த்தேன், வாடிக்கையாளரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றாள், அப்புறம் கூப்பிடவே இல்லை, நான் இன்னும் என் அட்டைகளை ஸ்டூடியோக்களுக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் என் மனம் எப்போதும் வந்து நிற்பது அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததற்கு மறுநாள் காலையில்தான், பெனிட்டா ஷிப்டுக்குக் கிளம்பி வாசலில் குனிந்து ஷூ லேஸ் கட்டுகிறாள், அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு, உனக்கு என்னால கேவலமாப் போச்சு, என்கிறேன், இந்த ஊருக்கு வந்ததிலிருந்து சொல்லாமல் வைத்திருந்தது அது, அவள் நிமிரவில்லை, ஒரு லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினாள், பிறகு சொன்னாள், அவருட்ட அந்தப் பெட்டிய நீட்டுனது நானாக்கும், எங்க வீட்டுக்காரரு எழுதுனது, வாசிச்சுக் காட்டுங்கன்னு சொன்னதும் நான்தான், நானும் அதுல என்ன இருக்குன்னு பாக்கவே இல்ல.