பிரஸ்ஸல்ஸில் இரண்டு மணி நேரம்

மூன்று டூர் நோட்டீஸ்களில் ஒன்றில்தான் பிரஸ்ஸல்ஸ் இருந்தது. என் வீட்டுக்காரர் தங்கசாமி அதைத்தான் எடுத்தார். "சும்மா ஊரு பாக்கப் போறோம்" என்று உடையார்பாளையம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். முந்திரிக்காட்டை விட்டுத் திருச்சிக்குப் போவதற்கே அலுத்துக்கொள்கிற மனிதர். யாருக்குக் காது குத்துகிறார்?

எங்கள் ஒரே மகள் மேகலா அந்த ஊரில்தான் இருக்கிறாள். ஐந்து வருடத்துக்கு முன், கூட வேலை பார்த்த பையனை எங்களைக் கேட்காமல் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு இவர் சொந்தக்காரர்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு, "அவ வூட்டுல நான் கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் அது லேசான பேச்சு இல்லை. ஒரு வீட்டில் சாப்பிட மாட்டேன் என்றால் அந்த உறவே வேண்டாம் என்று அர்த்தம். சொன்னது சொன்னதுதான்.

நான் மட்டும் கொல்லைப்பக்கம் நின்று அவளோடு போனில் பேசுவேன். இவர் ஒன்றும் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்து டிவி சத்தத்தைக் குறைப்பார்.

பிரஸ்ஸல்ஸ்தான் எட்டு நாள் டூரில் கடைசி ஊர். இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். கூட்டிப்போன பிரேம் நாற்பது பேரையும் ஓட்டிக்கொண்டு போய், ஒரு சந்து முனையில் ஒன்றுக்குப் போகிற பையன் சிலையைக் காட்டினான். முழங்கை அளவுதான் இருந்தது.

"இதுக்கா விசா எடுத்தோம்?" என்றேன். இவர் சிரிக்கவில்லை. சிலையைப் பார்க்கவும் இல்லை. தெருவில் வருகிற ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

பெரிய சதுக்கத்துக்கு வந்தோம். சுற்றிலும் தங்கப்பூச்சு மினுங்கும் கட்டடங்கள். போனில் நான் சொல்லியிருந்தபடி மேகலா ஒரு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். இவர் பத்தடி தள்ளி நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"வூட்டுக்கு வாங்கப்பா" என்றாள்.

"நாம ஊரு பாக்க வந்தவங்கன்னு சொல்லு" என்றார் என்னிடம். ஒரு சாக்லேட் கடைக்குள் போனார். வெளியே வந்தார். அடுத்த கடைக்குள் போனார். இப்படியே ஒரு மணி நேரம். சர்க்கரை வியாதிக்காரருக்குச் சாக்லேட் கடையில் என்ன வேலை? எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அங்கேயே விட்டுவிட்டு மகளோடு போயிருப்பேன்.

மேகலா அப்பனுக்கேற்ற மகள். பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்துப் படியில் வைத்துத் திறந்தாள். புளிச்சோறு. நல்லெண்ணெய் வாசனை கடை வாசல் வரைக்கும் போயிருக்கும். எட்டு நாளாக ரொட்டி தின்று நாக்கு செத்துக் கிடந்த மனிதர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது என் வூடு இல்லப்பா" என்றாள். "தெரு."

கொஞ்ச நேரம் டப்பாவையே பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்தார். அவளே பாட்டில் தண்ணீரை அவர் கையில் ஊற்றினாள். முதல் வாய் வைத்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"உப்பு கம்மி" என்றார். ஐந்து வருடம் கழித்து மகளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"உங்களுக்கு பிரஷர் இருக்குல்லப்பா" என்றாள் அவள்.

டப்பா காலியானது. கை கழுவிக்கொண்டே, "வூடு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"டிராமுல இருவது நிமிசம். வரீங்களாப்பா?"

எழுந்தேவிட்டார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தலையைக்கூடக் கோதிக்கொண்டார். அப்போதுதான் பிரேம் கொடியை ஆட்டிக்கொண்டு வந்தான்.

"பத்து நிமிசத்துல பஸ்சு கெளம்புது சார். இங்கேருந்து நேரா ஏர்போர்ட்டு."

"நாங்க மட்டும் பின்னால வந்து சேந்துக்கறமே தம்பி."

"ஃப்ளைட்ட விட்ருவீங்க சார்."

மேகலாவின் தலையில் கை வைத்தார். எடுக்க மனம் வராமல் அப்படியே நின்றார். நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் ஏறியதும் எனக்கு அடக்க முடியவில்லை. "ஒரு மணி நேரம் சாக்லேட் கடையில என்ன பண்ணீங்க?" என்றேன். கீழே மேகலா காலி டப்பாவோடு நின்றாள். பஸ் நகர்ந்தது.

கொஞ்ச தூரம் போனதும், "எத்தனாவது மாடி?" என்று கேட்டார்.

"மூணாவது."

அதன் பிறகு ஏர்போர்ட் வரும்வரை, வழியில் வந்த ஒவ்வொரு கட்டடத்திலும் மூன்றாவது மாடியையே பார்த்துக்கொண்டு வந்தார்.