திரைக்குப் பின்னால் நாலு பேர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் ஒரு நாள் தாகம் தாங்காமல் ஒரு வீட்டு வாசலில் நின்றேன். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை தண்ணீர்ச் சொம்பை நீட்டியது. உள்ளே எத்தனை பேர் என்று கடைசிவரை தெரியவில்லை. தண்ணீர் வயிற்றுக்குப் போனது, கதை தலைக்கு ஏறிவிட்டது.

2

முதல் தொடக்கம்: ‘1961. தோல் தொழிலாளர்களுக்குச் சர்க்கார் கட்டிய வீடுகளில் சோகம் ததும்பும்...’

(அடித்துவிட்டேன். சோகம் எனக்கு ஒத்துவராது. எழுதும்போதே கொட்டாவி வரும்.)

இரண்டாவது: ரஃபத் ஜஹான் இரண்டு அறை சர்க்கார் வீட்டில் தனியாக இருந்தாள். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள்கள் கட்டிக்கொடுத்த ஊர்களில். சட்டப்படி இரண்டு அறைக்கு நாலு பேர் வேண்டும், இல்லையென்றால் ஊர்க் கடைசியில் ஒற்றை அறை. அறை போனால் போகட்டும், அடுத்த வீட்டுச் சுந்தரி போய்விடுவாளே! அவளோடு சண்டை போடாமல் ரஃபத்துக்குப் பொழுது விடியாது.

(சர்க்கார் பக்கமும் நியாயம் உண்டு. பின்வரிசையில் ஒரே அறையில் ஒன்பது பேர். ஒருவர் புரண்டு படுத்தால் எல்லாரும் புரள வேண்டும். இதை வெளியே விட்டால் கதை கட்டுரையாகிவிடும், அதனால் அடைப்புக்குறிக்குள்ளேயே இருக்கட்டும்.)

3

ஆள் எண்ண வந்த பரந்தாமன் மரியாதை தெரிந்த அதிகாரி. பெண்கள் திரைக்குள் இருக்கும் கோஷா வீட்டுக்குள் கால் வைக்க மாட்டார். வாசலில் நின்று குரல்களை எண்ணிக்கொண்டு போவார்.

(இவ்வளவு நல்லவர் சர்க்காரில் இருப்பாரா என்று எனக்கே சந்தேகம். ஆனால் இவர் உள்ளே வந்தால் கதை வெளியே போய்விடும்.)

“வீட்ல எத்தினி பேரும்மா?”

“நாலு பேர் சார்,” என்றாள் ரஃபத்.

“ஒவ்வொருத்தரா பேசச் சொல்லுங்க.”

ரஃபத் வெறுங்குடத்துக்குள் முகத்தை விட்டு, “யாருடீ அது, பேஜார் பண்றது?” என்றாள். செத்துப்போன மாமியாரே வந்து கேட்டது போலிருந்தது. அவளே குடத்துக்குள் ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்தது நாத்தனார். அதற்காகப் பின்வாசல் வழியாக வந்திருந்தாள் சுந்தரி. நாலாவது குரலும் அவள்தான் என்று ஏற்பாடு. அவளுக்குத் தெரிந்த உருது ஒரே வார்த்தை.

“பேரு இன்னாம்மா?”

“அச்சா.”

“வயசு?”

“அச்சா, அச்சா.”

அவ்வளவுதான். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

4

“மூணு ஆச்சு. நாலாவது ஆளு?”

முடிவு அ: குட்டு உடைகிறது, ரஃபத் மூட்டை கட்டுகிறாள். (மாட்டேன். அவள் திட்டினால் எனக்குத் தாங்காது.)

முடிவு ஆ: நானே உள்ளே புகுந்து பேசுகிறேன். (முடியாது. இத்தனை நேரமும் எல்லாருக்குமாக நான்தானே பேசுகிறேன். பரந்தாமனுக்கு என் குரல் பழகியிருக்கும்.)

முடிவு இ: அப்போது திடீரென்று...

ஒன்றும் வரவில்லை.

“என் ரெண்டு குரலும் ஆச்சு, நீ ஏதாச்சும் பேசுடீ,” என்று ரஃபத் கிசுகிசுக்கிறாள்.

“முடியலக்கா. நீ போய்ட்டா நான் யார்கூட சண்ட போடுவேன்?” சுந்தரிக்கு இப்போது சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

பரந்தாமன் குடையை விரித்துவிட்டார். “இல்லன்னா இல்லன்னு சொல்லிடும்மா. நான் கெளம்பறேன்.”

முதலிலிருந்து இந்த வீட்டுக்குள் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருப்பவர் நீங்கள் ஒருவர்தான். திரை விலகாது, உங்கள் முகம் தெரியாது. பெரிதாக ஒன்றும் வேண்டாம்.

ஒரு தரம் இருமுங்கள்.