கரண்டிமூக்கு உள்ளானுக்குப் படம் இல்லை

1

அக்கா கைப்பேசியைச் சமையல் மேடைமேல் குப்புறக் கவிழ்த்த சத்தத்தில் பிறந்தது இந்தக் கதை. அதை மறைத்து, ‘கடலோரத்தில் பனி விலகியபோது ஒரு சிறு பறவை, தொலைந்த ஆன்மாவைப் போல…’ என்று தொடங்கிப் பார்த்தேன். மொழிபெயர்ப்பு நாவல்கள் அதிகம் படிப்பவள் நான். அவற்றில் பறவை வந்தால் யாராவது இறப்பார்கள், அல்லது விடுதலை அடைவார்கள்.

அக்கா எட்டிப் படித்தாள். “ஆன்மாவாம்! அது உள்ளான்டி. சேத்துல புழு தின்னுது.”

அந்த வாக்கியத்தை நான் அடிக்கவில்லை. கிடக்கட்டும்.

2

அக்கா மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். விடுமுறைகளில் பறவை பார்க்கும் குழுவோடு கழிமுகத்துக்குப் போவாள். அன்று மற்றவர்கள் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள். சேற்றில் மேய்ந்த கொசு உள்ளான்களுக்கு நடுவே ஒன்று அவளை நோக்கித் திரும்பியது. அலகின் நுனி கரண்டிபோல் விரிந்திருந்தது. கரண்டிமூக்கு உள்ளான்! உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம்.

(பக்கவாட்டில் பார்த்தால் அதுவும் சாதாரண உள்ளான்தான். அது நேராகத் திரும்பும் நொடிக்காக ஆயுள் முழுக்கக் காத்திருப்பவர்கள் உண்டு.)

கூட்டம் எழுந்து பறந்துவிட்டது. படம் இல்லை. குழுவின் பட்டியலில் பெயரை மட்டும் பதிந்தாள்.

குழுவை நடத்துபவருக்குக் கேப்டன் என்று பட்டப்பெயர். கப்பல் எதிலும் இருந்தவரல்ல. எங்கே போனாலும் முன்னால் நடப்பவர். அடுத்த நடையிலிருந்து முன்னால் நடக்கும் அந்த இடம் அக்காவுக்கு என்று பேச்சு. அவள் வெகுநாளாக ஆசைப்பட்ட இடம். அன்று கைப்பேசியில் அவர்தான் கூப்பிட்டார்.

“ஏம்மா, ஊர்ல இருக்கிற எலும்புக்கெல்லாம் படம் எடுக்கிறே. இதுக்கு ஒண்ணு எடுக்கக் கூடாதா?”

“கேமராவைத் தேடினா பறவையை விட்டுடுவேன் சார். பார்த்துட்டே இருந்தேன்.”

“அலகுல சேறு ஒட்டினாலும் கரண்டி மாதிரிதாம்மா தெரியும். நானே ஏமாந்திருக்கேன்.”

“தண்ணியில முக்கி எடுத்துது சார். அப்பவும் கரண்டி இருந்துது.”

“பட்டியல்ல கொசு உள்ளான்னு மாத்திடும்மா. நடத்துறவளே கதை விடுறான்னு சிரிப்பாங்க. அப்புறம் உன்னை எப்படி முன்னால நிறுத்துறது?”

“மாத்த மாட்டேன் சார்.”

3

கேப்டனை வில்லனாக்க முயன்றேன். முறுக்கு மீசை வைத்தேன், அடிக்குரலில் சிரிக்கவிட்டேன். ஒட்டவில்லை. ஒருமுறை சேற்றிடம் ஏமாந்தவர் எச்சரிக்கத்தானே செய்வார்?

ஆகவே சந்தேகம் என் பக்கம் திரும்பியது. “நிஜமாவே பார்த்தியாக்கா?”

“எது எலும்புல விழுந்த கீறல், எது படத்துல விழுந்த அழுக்குன்னு தினமும் பார்க்கிறவடி நான். போய் வேலையைப் பாரு.”

4

முதல் முடிவு: பறவை திரும்பி வருகிறது, ஆளாளுக்குப் படம் எடுக்கிறார்கள், கேப்டன் தலைகுனிந்து அக்காவிடம்…

“அடி இதை. நான் பொய் சொல்லலைன்னு சாட்சி சொல்லப் பறவை வேற வரணுமா?”

இரண்டாம் முடிவு: அக்கா மாற்றி எழுதுகிறாள், முன்னால் நடக்கும் இடம் அவளுக்கே… (இதை எழுத எனக்கே கை வரவில்லை.)

இனி நடந்தது. அடுத்த நடையை வேறொருவர் நடத்தினார். அக்கா தொலைநோக்கியை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

“குழுவோடயா போறே? சிரிப்பாங்கக்கா.”

“சிரிக்கட்டும். கடைசி ஆளா நடப்பேன். கழிமுகம் என்ன அவங்க வீட்டு வாசலா?”

அங்கே அன்று என்ன தென்பட்டது, என்ன தென்படவில்லை என்பது எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எழுதினால், நீங்கள் என் அக்காவை விட்டுவிட்டு அதை நம்பிக்கொள்வீர்கள். வரிசையின் கடைசியில் அவள் போய்க்கொண்டிருக்கிறாள். அவளை நம்புகிறீர்களா, இல்லையா? இப்போதே சொல்லுங்கள்.